மூன்றாவதாக நிற்பவர் என் அப்பாவின் அப்பா

அப்பா மறைந்து இன்றோடு ஓராண்டு. முதல் திவசத்துக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு இந்த நினைவு மலரைப் பிரித்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். "அக்கா, கொஞ்சம் சாந்தமா எழுதுங்க, நாலு பேரு படிப்பாங்க" என்று சொல்லித்தான் தம்பி இந்தப் பக்கங்களை என்னிடம் ஒப்படைத்தான். முயன்று பார்த்தேன், முடியவில்லை. அப்பா தன் கடைசி ஆறு ஆண்டுகளில் கேட்டுக் கேட்டும் கிடைக்காமல் போன ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு அவருடைய நற்குணங்களை மட்டும் அடுக்கினால் அப்பாவே என்னைத் திட்டுவார்.

அப்பா பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். அவருடைய தந்தை, எங்கள் தாத்தா, தண்டவாளம் போடும் வேலை செய்தார். அப்பாவுக்கு ஒன்பது வயதிருக்கும்போது தாத்தா காய்ச்சலில் படுத்து ஒரே வாரத்தில் போய்விட்டார். வேலை செய்தவர் இறந்ததும் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பாட்டி மூன்று பிள்ளைகளோடு கிள்ளானுக்கு, பண்டமாரானில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கொண்டு வந்த மூட்டை முடிச்சுகளில் தாத்தாவின் படம் இல்லை. யாராவது எடுத்துக் கொடுத்திருந்தால்தானே இருக்கும்!

எங்கள் வீட்டுக் கூடத்தில் இறந்தவர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் முதல் இடத்தில் பல காலம் வெறும் ஆணிதான் இருந்தது. அதுதான் தாத்தா. திவசத்தன்று அப்பா அந்த ஆணிக்கு மாலை போட்டு, அதன் கீழே சுவரில் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிடுவார். சின்ன வயதில் நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அம்மா முறைப்பார்.

பதினாறு வயதில் அப்பா துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனார். முதுகு ஒடிய உழைத்து, பிறகு ஆட்களை எடுத்து மேற்பார்க்கும் மண்டோர் ஆனார். பொல்லாத கோபக்காரர் என்று பெயர் எடுத்தவர்தான், மறைக்கவில்லை. ஆனால் காலையில் ஆள் எடுக்கும்போது மற்ற மண்டோர்கள் நம்பர் சொல்லிக் கூப்பிட்ட காலத்தில், அப்பா ஒவ்வொருவரையும் முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். வங்காளதேசத்திலிருந்து வந்தவர்களின் பெயர்களை உள்ளங்கையில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு, சாப்பிடும்போதும் முணுமுணுத்துப் பாடம் பண்ணுவார். அந்த வருமானத்தில்தான் எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். என்னை ஆசிரியை ஆக்கினார்.

அந்த ஆசிரியை செய்த லட்சணத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் எங்கள் தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் தினத்துக்காக வரலாற்றுப் பலகை ஒன்று தயாரித்தேன். வெளிநாட்டு நூலகம் ஒன்றின் இணையக் காப்பகத்தில் "பிரிக்பீல்ட்ஸ்" என்று தேடியபோது பழைய படங்கள் வந்து கொட்டின. ஒன்றைப் பதிவிறக்கி, பெரிதாக அச்சிட்டேன். ஜப்பான்காரர் போய் வெள்ளைக்காரர் திரும்பி வந்த காலத்துப் படம். தண்டவாளத்தின் பக்கத்தில் ஒரு துரை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், காலடியில் நாய். பின்னால் கடப்பாரைகளோடு ஏழு பேர் நிற்கிறார்கள். படத்தின் கீழே காப்பகம் போட்டிருந்த விளக்கத்தை அப்படியே மொழிபெயர்த்து ஒட்டினேன். அதில் துரையின் முழுப்பெயரும் பதவியும் இருந்தன. நாயின் பெயர் பிரின்ஸ் என்று இருந்தது. ஏழு பேரும் சேர்ந்து ஒரே சொல்லில் இருந்தார்கள்: கூலிகள்.

பலகையைச் சுவரில் அடித்துக் கொடுக்க அப்பா வந்திருந்தார். சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் படத்துக்கு அருகே போய் நின்றார்.

"யாரும்மா இத எழுதுனது?"

"நான்தான்ப்பா. வெப்சைட்ல அப்படித்தான் இருந்திச்சி."

"மூணாவதா நிக்கிறது எங்கப்பா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா, படத்தில் அவர் கடப்பாரையைப் பிடித்திருந்த வலது கையைச் சுட்டிக் காட்டினார். சுண்டுவிரல் பாதிதான் இருந்தது.

"தண்டவாளம் விழுந்து நசுங்குன வெரலு. அந்தக் கையாலதான் எனக்குச் சோறு ஊட்டுவாரு. நீ படிச்சவதானே? பேரு தெரியலன்னா தெரியலன்னு எழுது. கூலின்னு எழுதாத."

என் கையிலிருந்த பேனாவை வாங்கி அந்தச் சொல்லை அவரே அடித்தார். மாணவர்களுக்கு வரலாறு சொல்லித்தரப் போன நான், சொந்தத் தாத்தாவைக் கூலி என்று எழுதி ஒட்டியிருந்தேன். காப்பகத்தைத் திட்டுவதற்கு முன்னால் என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

அந்த ஆண்டே படத்தைச் சட்டம் போட்டு, தாத்தாவின் ஆணியில் மாட்டினோம். தாத்தாவை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக்கலாம் என்று அத்தை சொன்னார். "கூட நின்னவங்கள வெட்டுறதுக்கு நான் யாரு?" என்று அப்பா மறுத்துவிட்டார். அதனால் ஏழு பேருக்கும் சேர்த்தே படையல் நடந்தது. பொட்டு வைக்க வந்த தம்பி, பக்தி முற்றிப்போய் துரையின் நெற்றியிலும் ஒன்று வைத்துவிட்டான். நாங்கள் பதறினோம். "விடுடா, அவனும் செத்துட்டான் லா" என்று அப்பா சிரித்தார். அந்தப் படம் வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஏனென்றால், அதற்குள் கடிதப் போர் தொடங்கியிருந்தது. காப்பகத்துக்கு எழுதும்படி அப்பா சொன்னார். மூன்றாவதாக நிற்பவரின் பெயர் இது, அவரோடு நிற்பவர்களில் இன்னும் நால்வரின் பெயர் எனக்குத் தெரியும், தயவு செய்து போடுங்கள். இவ்வளவுதான் அவர் கேட்டது. ஆதாரம் வேண்டும் என்று பதில் வந்தது. அப்பாவின் பிறப்புப் பத்திரத்தை அனுப்பினோம். அதில் முகம் இல்லையே என்றார்கள். விரலைப் பற்றி எழுதினோம். இத்தகைய காயங்கள் அக்காலத் தொழிலாளர்களிடையே பரவலாக இருந்ததால் அடையாளமாக ஏற்க இயலாது என்றார்கள். ஏழு பேர் பெயரில் ஒன்று கூடத் தெரியாதவர்களுக்கு, விரல் போனவர்கள் ஏராளம் என்பது மட்டும் எப்படித் தெரிந்ததோ! ஒப்பிட்டுப் பார்க்க அவருடைய வேறு படம் இருக்கிறதா என்று அடுத்த கடிதம். வேறு படம் இருந்தால் நாங்கள் ஏன் ஐயா உங்கள் வாசலில் நிற்கிறோம்?

சென்ற ஆண்டு அப்பாவின் உடல் தளர்ந்து மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கும் "பதினாலாம் கட்டில்" என்று கூப்பிட்ட தாதியிடம், "பேரு சொல்லிக் கூப்பிடும்மா" என்றுதான் சொன்னார். அந்தப் பெண் அன்றிலிருந்து பெயர் சொல்லியே கூப்பிட்டாள். அவள் நன்றாக இருக்க வேண்டும்.

அந்த நாட்களில்தான் காப்பகத்துக்கு ஒரு கேள்வி அனுப்பினேன். சரி, துரையின் பெயரும் நாயின் பெயரும் உங்களுக்கு எப்படித் தெரிந்தன, அதற்கு என்ன ஆதாரம்? பதில் உடனே வந்தது. அந்தப் படத் தொகுப்பைக் காப்பகத்துக்கு வழங்கியவர் துரையின் மகள். அவர் சொன்ன தகவலின்படி எழுதப்பட்டது.

கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் படித்துக் காட்டினேன். அப்பா கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"அவரு மக சொன்னா போதும். இவரு மகன் சொன்னா பத்தாதாம்மா?"

நான்கு நாள் கழித்து அப்பா போய்விட்டார்.

இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த பண்டமாரான் அண்டை வீட்டாருக்கும், அப்பாவின் முழுப்பெயரைச் சொல்லி அழுதபடி வந்து நின்ற அவருடைய பழைய துறைமுகத் தோழர்களுக்கும், பெயர் சொல்லிக் கூப்பிட்ட அந்தத் தாதிக்கும், என் கோபத்தை நாகரிகமான ஆங்கிலத்தில் திருத்தித் திருத்தி எழுதிக் கொடுத்த பள்ளித் தோழிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

காப்பகத்துக்கும் ஒரு நன்றி உண்டு. தாத்தாவின் முகத்தை இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்தார்கள், அதை நான் மறுக்கவில்லை. இந்த மலரில் படத்தை அச்சிடவும் அனுமதி தந்தார்கள். தாங்கள் எழுதிய விளக்கத்தை ஒரு சொல்லும் மாற்றாமல் கீழே போட வேண்டும் என்பது நிபந்தனை. தெரிந்தேதான் அதை மீறுகிறேன். வழக்குப் போட நினைத்தால் என் முகவரி அவர்களிடம் இருக்கிறது.

படம் அடுத்த பக்கத்தில். அதன் விளக்கம், அப்பா சொன்னபடி:

பிரிக்பீல்ட்ஸ். நிற்பவர்கள், இடமிருந்து: பெரியசாமி, வேலாயுதம், மாரிமுத்து (எங்கள் தாத்தா), காத்தான். அடுத்த இருவரின் பெயர் தெரியவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களாக இருந்தால் சொல்லுங்கள், ஆதாரம் கேட்க மாட்டோம். கடைசியில் நிற்பவர் அந்தோணி.

நாற்காலியில்: ஒரு துரை. காலடியில்: ஒரு நாய்.