தனக்கோடி பிடித்து வரும் மனிதர்கள்

"இன்னா வேல பண்றே நீ?" என்று கேட்டுக்கொண்டே அரிவாள்மனையில் வஞ்சிரத்தை நறுக்குகிறாள் தனக்கோடி. செங்கல்பட்டு ரயிலடிக்குப் பின்தெருவில் புதிதாகக் குடிவந்திருக்கும் பெண் தயங்குகிறாள். மீன்காரி கேட்கிற கேள்வியா இது?

"டெலிபோன் ஆபீஸ்ல."

"நாள் பூரா போன் பேசிகினே இருப்பியா?"

"நான் பேச மாட்டேன். மத்தவங்க பேசறதுக்கு லைன் போட்டுத் தருவேன்."

மீன் பாதியில் நிற்கிறது. "எப்பிடி? கையாலயா போடுவே?"

அந்தப் பெண் கையை நீட்டிக் காட்டுகிறாள். காதில் மாட்டுவது, கயிறு போன்ற ஒயரை எடுப்பது, ஓட்டையில் செருகுவது. தனக்கோடி வாயைத் திறந்தபடி பார்க்கிறாள். பிறகு மீதி மீனை நறுக்கி, வாலையும் இனாமாகப் போட்டுவிட்டுக் கேட்கிறாள்: "நாயித்துக்கெழம லீவா உனுக்கு?"

ஆள் மாட்டிக்கொண்டாயிற்று.

தனக்கோடிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். குட்டையான, கனத்த உடம்பு. மாமல்லபுரத்துக்கு வடக்கே, நெம்மேலி போகும் வழியில் சவுக்குத் தோப்புக்கு அப்பால் அவள் குப்பம். அங்கிருந்து மாமல்லபுரம் வரை நடை, பிறகு திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ். கூடையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று கண்டக்டர் தினமும் சண்டை போடுவார். "ஏன்யா, மீனு அழுவுது, அத்த இன்னா பண்ணச் சொல்றே?" என்பாள். அந்தக் கண்டக்டரும் ஒரு ஞாயிறு அவளிடம் மாட்டியவர்தான். டிக்கெட் துளையிடும் கருவியை அன்று குப்பத்துப் பிள்ளைகளிடமிருந்து அவரால் திரும்ப வாங்க முடியவில்லை. பனையோலை, பீடிக் கட்டு லேபிள், ஒருவனுடைய சட்டைக் காலர், எல்லாவற்றிலும் ஓட்டை.

இந்த ஞாயிறுகளை ஆரம்பித்தவர் என் அப்பா. சிவப்பிரகாசம், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அந்தக் குப்பத்தில் மீன் ஏலம் போடும் கொட்டகையில் ஞாயிறுதோறும் பிள்ளைகளைக் கூட்டினார். பாடம் கிடையாது. வாரம் ஒருவர் வருவார், தன் தொழிலைச் செய்து காட்டுவார். கருவிகளைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்க விடவேண்டும். அப்பா வைத்த விதி அது ஒன்றுதான். ஆள் பிடித்து வருவது முதல் நாளிலிருந்தே தனக்கோடியின் வேலை. செங்கல்பட்டில் பாதி வீட்டுக்கு அவள் மீன். எந்த வீட்டில் என்ன உத்தியோகம் என்று அப்பாவுக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும்.

ரயில்வே கார்டு ஒருவரை இட்டு வந்தாள். அன்று கடற்கரை முழுக்கப் பச்சைக் கொடி ஆட்டினார்கள். சுருக்கெழுத்து தெரிந்த தாமோதரன் என்ற குமாஸ்தாவை இட்டு வந்தாள். அவர் ஓரமாக உட்கார்ந்து ஏலத்தில் பேசியதையெல்லாம் கோடு கோடாக எழுதிக்கொண்டு, பிறகு நிறுத்தி நிதானமாக வாசித்தார். வலைக்காரர் சின்னையன் திட்டிய வசவு ஒன்றுகூட விடுபடவில்லை. "இதெல்லாமா நான் பேசினேன்?" என்று சின்னையன் கேட்டார். "இன்னும் கீது மச்சான், அவருக்குத்தான் கை வலிக்குது" என்றாள் தனக்கோடி.

இதில் உனக்கு என்ன என்று ஒருமுறை கேட்டேன். "எனுக்குக் கல்யாணம் ஆவற வரிக்கும் ஒலகத்துல ரெண்டே வேலன்னு நெனச்சிகினு இருந்தேன். மீன் புடிக்கிறது, மீன் விக்கிறது. எம்பொண்ணும் அப்பிடியே நெனச்சிகினு இருக்கணுமா?" என்றாள். அவள் மகள் பெயர் வேண்டா. நான்காவது பெண்.

அப்பா எழுபத்தாறாம் ஆண்டு தை மாதம் இறந்தார். நான் மின்வாரியத்தில் பொறியாளர். எந்த இயந்திரமும் நிற்பதற்கு முன் ஒரு சத்தம் கொடுக்கும். அப்பா கொடுக்கவில்லை.

காரியத்தன்று தனக்கோடி வந்தாள். அழவில்லை. "ரெண்டு நாயித்துக்கெழம சொம்மா போய்ட்ச்சி, பொண்ணே. மூணாவதும் போவணுமா? நீ வந்து முன்னால நில்லு. ஆள நான் இட்டாறேன்."

நான் போய் நின்றேன். வேறு என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

அவள் இட்டு வந்தது ராஜத்தை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் யானைக்கால் நோய்க்கு ரத்தம் பார்க்கும் பெண். பெட்டியில் வைத்த மைக்ராஸ்கோப் ஒன்று அவரிடம் இருந்தது. வாத்தியார் போனபின் முதல் வகுப்பு, கௌரவமாக இருக்கட்டும் என்று தனக்கோடியே ஒரு ஏற்பாடு செய்தாள். சுகாதார நிலையத்து டிரைவர் அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்குபவர். அவரைப் பிடித்து, ராஜத்தை ஜீப்பிலேயே கொண்டுவரச் சொல்லிவிட்டாள்.

எமர்ஜென்சி நடந்த அந்த வருடம் ஜீப் என்றால் ஒரே அர்த்தம்தான். குடும்பக் கட்டுப்பாடு. எங்கோ ஓர் ஊரில் ஆண்களை ஏற்றிக்கொண்டு போனார்கள் என்ற வதந்தி கடற்கரை முழுக்க உலவியது. சவுக்குத் தோப்பிலிருந்து ஜீப் வெளியே வந்தது. வெள்ளைக் கோட்டோடு ராஜம் இறங்கினார், கையில் பெட்டி. ஐந்து நிமிடத்தில் கரையில் ஒரு கட்டுமரம் இல்லை. சோற்றில் கை வைத்தவர்கள் அப்படியே கடலில் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பெண்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். சாயங்காலம்தான் கட்டுமரங்கள் திரும்பின.

"வாத்தியார் போன ஒடனே ஊசிக்காரிய இட்டாந்துட்டியா?" என்று சின்னையன் கத்தினார். "ஆள் புடிச்சிக் குடுத்தா ஆளுக்கு எவ்ளோ குடுக்கறான் உனுக்கு?"



அடுத்த ஞாயிறு கொட்டகையில் நானும் வேண்டாவும் மட்டும். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. சின்னையன் தன் பேரப்பிள்ளைகளை நிறுத்திவிட்டார். அவர் நிறுத்தினால் ஊரே நிறுத்தும். "இன்னும் ரெண்டு வாரம் இப்பிடியே போவட்டும், பசங்க மறந்துடுங்க. அப்பறம் கவர்னரே வந்தாலும் வராதுங்க" என்றாள் தனக்கோடி. வேறு ஆளை அழைத்து வரலாமே என்றேன். "வேற ஆள இட்டாந்தா, அந்தம்மா ஊசி போடத்தான் வந்தாங்கன்னு ஆய்டும். அதே ஆளுதான் வரணும்."

ராஜம் மறுத்தார். "எதுக்கு? போன தடவை நாய்கூட ஓடிச்சு."

"கோட்டு வோணாம், ஜீப்பு வோணாம். பெட்டிய வாத்தியார் பொண்ணுகிட்ட குடுத்துட்டு நடந்து வாம்மா" என்றாள். அன்று ராஜம் வீட்டுக்குக் கொடுத்த இறால் என்ன விலை என்று நான் விசாரிக்கவில்லை.

ஞாயிறன்று கரைவலை இழுக்கும் நேரத்தில் சரியாக ராஜத்தைக் கொண்டுபோய் நிறுத்தினாள். கடலில் அரைவட்டமாக விட்ட வலையை, இரண்டு கயிறுகளிலும் ஆள் ஆளாய்ப் பின்னால் நடந்து கரைக்கு இழுப்பார்கள். அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வலையின் மடி, மீன் சேரும் அந்தப் பை, கரை தொடுவதற்கு முன் யார் வந்து கயிறு பிடித்தாலும் அவருக்கும் மீனில் பங்கு. வழிப்போக்கரானாலும் சரி. பங்கு வாங்கியவரை ஊர் வெளியாளாக நடத்தாது.

தனக்கோடி ராஜத்தின் கையைப் பிடித்து நேராகச் சின்னையனுக்குப் பின்னால் கொண்டுபோய், கயிற்றில் வைத்தாள்.

சின்னையன் திரும்பினார். "இன்னாடி இது?"

"கண்ணு தெரில? கயிறு புடிக்கிறாங்க."

"யாரக் கேட்டு?"

"என்னிக்குக் கேட்டுகினு புடிச்சாங்க? இழு மச்சான், வலை நிக்குது."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். நின்றால் கயிறு கடலுக்குள் போய்விடும். சின்னையன் இழுத்தார். ராஜமும் இழுத்தார். பழக்கமில்லாத கை, இரண்டு தடவை மணலில் உட்கார்ந்துவிட்டார். தனக்கோடி அவரைத் தூக்கிவிடவில்லை. "நீயே எந்திரிம்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்று மட்டும் மெல்லச் சொன்னாள்.

மடி நிறையக் காரப்பொடி மீன். சின்னையன் பங்கு போட்டுக்கொண்டே வந்தார். ராஜத்தின் முன்னால் அவர் கை நின்றது. அந்த ஒரு கை மீனில் எல்லாம் இருந்தது. அது விழாவிட்டால் இனி அப்பாவின் ஞாயிறுகள் இல்லை.

"இன்னா மச்சான், நின்னுட்ச்சி? கயிறு புடிச்சவங்களுக்குப் பங்கு கீதா, இல்லியா? இல்லன்னா வாயத் தொறந்து சொல்லிடு. எல்லாரும் கேட்டுகினு போவட்டும்."

சின்னையன் தனக்கோடியை முறைத்தார். பிறகு ராஜத்தின் கையைப் பார்த்தார். உள்ளங்கை இரண்டும் கன்றிச் சிவந்திருந்தன. "கயிறு புடிக்கவே தெரில. இது எங்க ஊசி புடிக்கும்?" என்று சொல்லி, ராஜம் விரித்த முந்தானையில் மீனைக் கொட்டினார். அளவுக்கு மேல் ஒரு கை.

ராஜம் அந்தப் பங்கிலிருந்தே ஒரு மீனை எடுத்தார். செதில் ஒன்றைக் கிள்ளிக் கண்ணாடித் துண்டில் வைத்தார். கரையில் கிடந்த கட்டுமரத்தின் மேல் நான் மைக்ராஸ்கோப்பை நிறுத்தி, வெயில் விழும்படி கண்ணாடியைத் திருப்பினேன். முதலில் வேண்டா பார்த்தாள். "எம்மா, உள்ள கோலம் போட்டுகீது!" என்று கத்தினாள். வீடுகளின் கதவுகள் திறந்தன.

சின்னையன் எட்ட நின்றார். "குத்தாதுல்ல?" என்று என்னைக் கேட்டுவிட்டுக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. "நாம துன்ற காரப்பொடியா இது? மெய்யாலுமா?" என்றார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பித் தன் பேரப்பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அந்த வருடத்தின் மீதியை அந்த ஞாயிறுகளைப் பிடித்துக்கொண்டுதான் கடந்தேன். இதைத் தனக்கோடியிடம் சொன்னதில்லை. சொன்னால் சங்கடப்பட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

அன்று பிள்ளைகள் கட்டுமரத்தைச் சுற்றி முண்டியடித்து நின்றபோது கடற்காற்று எழுந்து மணலை வாரியது. கண்ணாடியில் மணல் விழுந்தால் போயிற்று. தனக்கோடி காற்றுக்கும் கருவிக்கும் நடுவே வந்து நின்று, முந்தானையை இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்தாள். நீயும் ஒரு தடவை பார் என்றார் ராஜம். அவள் மாட்டேன் என்று தலையை அசைத்தாள். கடைசிப் பிள்ளை பார்த்து முடிக்கும்வரை, முதுகில் மணல் அடிக்க, கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.