தண்ணீர் படாத சாம்பல்

நீலச் சுவாலைக்குள் கண்ணாடிக் குச்சியின் நுனி நுழைந்ததும் சுவாலை முழுவதும் சட்டென்று மஞ்சளாகும். கொஞ்ச நேரத்தில் குச்சியின் முனை சிவந்து, உருண்டு, தேன் சொட்டப் போவதுபோல் கனத்துத் தொங்கும். அந்த நேரம் பார்த்து அதை ஒரு கம்பியில் தொட்டுச் சுழற்றத் தொடங்கவில்லையென்றால் அவ்வளவும் மேசையில் விழுந்துவிடும். ஹட்டன் டவுனில் ஒரு வாசகசாலையின் மேல்மாடியில், ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்துகொண்டிருந்த சனிக்கிழமைக் காலைகளில் நான் இதைக் கற்றுக்கொண்டேன். இன்று கண்டியில் கண்ணாடி வேலை செய்து பிழைக்கிறேன் என்றால் அதற்கு அந்தச் சனிக்கிழமைகளும் ஒரு டின் சாம்பலுமே காரணம்.

பயிற்சியை நடத்தியவர் எங்கள் பாடசாலைக்கு விஞ்ஞானம் படிப்பிக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த இளம் ஆசிரியை. பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூடத்துக்குக் கண்ணாடிக் குழாய் ஊதுகிற பட்டறையில் பழகியவராம். எங்களுக்கு அவர் "மிஸ்" மட்டும்தான். "அவசரப்படாதேங்கோ பிள்ளையள், கண்ணாடி எங்கட சொல்லைக் கேக்காது, நாங்கள்தான் அதின்ர சொல்லைக் கேக்கோணும்" என்று அவர் சொல்லும்போது கண்ணாடியைவிட அவருடைய பேச்சைக் கேட்கத்தான் நாங்கள் முன்வரிசைக்கு முண்டியடித்தோம். பழைய சைக்கிள் சக்கரத்துக் கம்பிகளில் களிமண் பூசிக் காயவைத்து, அதன்மேல் உருகிய கண்ணாடியைச் சுற்றிப் பாசிமணி செய்யப் பழக்கினார். குழாயை ஊதிக் குமிழி செய்யவும் காட்டித் தந்தார். என்னுடைய குமிழிகள் எல்லாம் ஒரு பக்கம் வீங்கி, பல்வலிக்காரியின் கன்னம்போல இருந்தன.

அம்மாவிடம் நான் "கண்ணாடி வேலை பழகப் போறேன்" என்றுதான் சொல்லியிருந்தேன். சட்டையில் கண்ணாடித் துண்டு வைத்துத் தைப்பது என்று அவள் நினைத்துக்கொண்டாள், நானும் அதைத் திருத்தப் போகவில்லை. காரணம் இருந்தது. நான் கைக்குழந்தையாக இருந்தபோது தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் பழைய லயத்தில் தீப்பிடித்து வரிசை முழுவதும் போயிற்று. உயிருக்குச் சேதமில்லை; ஆனால் அம்மாவின் தகரப் பெட்டியும் கல்யாணப் புடவையும் அதோடு போயின. அதன்பிறகு எங்கள் தோட்டத்துப் பெண்களுக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்குப் போகுமுன் ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவார்கள். அம்மா இரண்டு சொம்பு ஊற்றுவாள், பாதி வழியில் சந்தேகம் வந்து திரும்பி ஓடிவந்து இன்னொன்றும் ஊற்றுவாள்.

சூடான பாசியை அப்படியே வெளியே வைத்தால் எங்கள் மலைக்குளிருக்கு வெடித்துவிடும். மெதுவாக ஆற வேண்டும். பாசியைப் புதைத்து ஆறவிட மிஸ் கொழும்புக்குச் சொல்லியனுப்பிய தூள் வந்து சேரவில்லை. சாம்பலும் சரிவரும், யாராவது கொண்டுவர முடியுமா என்று கேட்டார். டவுன் பிள்ளைகளின் வீட்டில் காஸ் அடுப்பு. லயத்துப் பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர்தான் கையைத் தூக்கினோம், அதுவும் எவ்வளவு பெருமையாக. எங்களிடம் மட்டும் இருக்கிற ஒரு பொருளை ஊர் முழுவதும் கேட்டது அன்றைக்குத்தான். அம்மாவிடம் கேட்டபோது, "கண்ணாடிக்கு எதுக்குடி சாம்பல், வெளக்கவா?" என்று சந்தோஷமாகப் பால்மா டின் நிறைய அள்ளித் தந்தாள்.

அடுத்த சனிக்கிழமை செய்த பாசிகள் எல்லாமே எங்கள் சாம்பலுக்குள் போயின. சிறிது நேரத்தில் டின்னுக்குள்ளிருந்து "டிக், டிக்" என்று கேட்கத் தொடங்கியது. கிளறிப் பார்த்தால் ஒன்றுகூட முழுதாக இல்லை. டவுன் பிள்ளை ஒருத்தி, "லயத்துச் சாம்பல் வேற எப்படி இருக்கும்" என்றாள். மிஸ் அவளை முறைத்தார். பிறகு டின்னின் அடிவரை விரலை விட்டுப் பார்த்தார்.

"அடியில ஈரமாக் கிடக்கு பிள்ளை. இதுக்குத் தண்ணி ஊத்தினனீங்களோ?"

"ஊத்தாம எப்படி மிஸ்? லயம் தீப்பிடிச்சிறாதா?"

மிஸ் சிரிக்கவில்லை. தானாக அணைந்த சாம்பல் கிடைத்தால் கொண்டுவாருங்கள், கிடைக்காவிட்டால் பாசி வேலையை இத்தோடு நிறுத்திவிட்டுக் குழாய் வளைக்கலாம் என்றார். மற்ற இரண்டு பிள்ளைகளும் தலையைக் குனிந்துகொண்டார்கள். தண்ணீர் ஊற்றாத அடுப்பு எங்கள் லயத்தில் எங்கே இருக்கிறது?

வீட்டுக்கு வந்து தண்ணீர் ஊற்றாத சாம்பல் கேட்டதில் எல்லாம் வெளிச்சமாகிவிட்டது. நெருப்பில் செய்கிற வேலை என்று தெரிந்ததும் அம்மாவின் முகம் மாறியது. "ஒரு பாசிக்காக லயத்தையே கொளுத்தச் சொல்றியா? அடுத்த சனிக்கெழம நீ எங்கயும் போவ வேணாம்." அவ்வளவுதான். அம்மா ஒன்று சொன்னால் அப்பாகூட அப்பீல் செய்வதில்லை. நான் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். அம்மா என் பையிலிருந்து விழுந்த பாதிப் பாசியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இத நீயா செஞ்ச?" என்று ஒரு தரம் கேட்டாள். நான் கம்பளியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. தலவாக்கலையில் மாமாவின் குழந்தைக்குக் காதுகுத்து. அத்தை முறையில் முன்னால் நிற்க வேண்டியவள் அம்மா. புறப்படுகிற நேரத்தில், வயிற்றுவலி, நீங்கள் போங்கள் என்று அப்பாவோடு என்னை அனுப்பிவிட்டாள். மாமாவுக்கு வந்த கோபம் தீபாவளிவரை தீரவில்லை.

சாயங்காலம் திரும்பியபோது அம்மா அடுப்புக்கு முன்னால் பலகையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர், தொடாமல் நிறைந்திருந்தது. "ஒங்கம்மா காலையிலருந்து எந்திரிக்கவே இல்ல, டீத்தண்ணியக்கூட நாந்தான் குடுத்தேன்" என்றார் அடுத்த வீட்டு அக்கா. அம்மா கம்பளியில் சுற்றிய டின்னை என்னிடம் நீட்டினாள்.

"தொட்டுப் பாரு. தானா அணைஞ்சது. ஒரு சொட்டுத் தண்ணி படல."

நெருப்பு அணையும்வரை அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பது அவளுக்கு எப்படிப்பட்ட காரியம் என்று எனக்கு அப்போதே தெரியும். அழுகை வந்தது, அழுதேன். அடுத்த சனிக்கிழமை அந்தச் சாம்பலிலிருந்து பாசிகள் முழுசு முழுசாக வெளியே வந்தன. "லயத்துச் சாம்பல்" என்றவள் தன்னுடையதை எடுத்துக்கொண்டு என்னிடம் தாங்ஸ் சொன்னாள்.

மிஸ் மாற்றலாகி ஊருக்குப் போய் நெடுங்காலமாகிறது. வாசகசாலையின் மேல்மாடியில் இப்போது கைத்தொலைபேசிக் கடை. அம்மாவும் அப்பாவும் தனி வீட்டுக்கு வந்துவிட்டார்கள், அங்கே காஸ் அடுப்பு. பாத்திரம் தேய்க்கக்கூட ஒரு பிடி சாம்பல் கிடைக்காது. என் பட்டறையில் மின்சார உலை இருக்கிறது. பொத்தானை அழுத்திவிட்டால் தானாகவே மெல்ல மெல்லச் சூட்டைக் குறைத்து, தானாகவே அணைந்துவிடும்.

போன மாதம் அம்மா கண்டிக்கு வந்திருந்தாள். ஊருக்குத் திரும்புகிற நாளில், ரயிலுக்கு நேரமாகிறது என்று பையை எடுத்துக்கொண்டு கூப்பிட்டேன். அவள் உலைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அது தானா அணைஞ்சிரும்மா. யாரும் பாக்க வேணாம்."

"அணையட்டும்" என்றாள். "ரயிலு நாளைக்கும் வரும்ல."

நான் பையைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.