நரம்பு காய்வதற்குள்

நேற்று சாயங்காலம், மலாக்கா செமாபோக்கில் நான் இருக்கும் என் தங்கை மகன் வீட்டில், ஆட்டுக்கால் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. என் முட்டிவலிக்காகத்தான். மருமகள் பாவம், மத்தியானமே கால்களைச் சுட்டுச் சுரண்டி, இஞ்சியும் மிளகும் தட்டிப் போட்டு, சின்னத் தீயில் வைத்திருந்தாள். வாடை கூடத்துக்கு வந்ததும் நான் என்னை அறியாமல், "வச்சிரமா காய்ச்சுற?" என்று கேட்டுவிட்டேன். "என்னாத்த?" என்று எட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன். கிழவிக்குப் புத்தி பிசக ஆரம்பித்துவிட்டது என்று இந்நேரம் புருஷனிடம் சொல்லியிருப்பாள்.

வச்சிரம் என்பது தச்சர்கள் மரத்தோடு மரத்தை ஒட்டும் பசை. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்துக் கட்டிகட்டியாக விற்பார்கள். வெந்நீரில் கரைத்தால் பாகு, காய்ந்தால் கல். மறுபடி வெந்நீர் பட்டால் மறுபடியும் பாகாகிவிடும். தையல் மிஷினைத் தவிர வேறு எதுவும் தெரியாத எனக்கு இது எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். கல்யாணமான முதல் வருஷம், காஜா பெராங்கில் ஒரு வாடகை வீட்டு அடுப்பில், சோறு வடித்த கையோடு நானே வச்சிரம் காய்ச்சியிருக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு ஒரு வில் செய்யும் ஆசை வந்திருந்தது.

அவர் ரோடு போடுகிற அரசாங்க ஆபீசில் பிளான் வரைகிறவர். மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிறது என்றதும் வெள்ளைக்காரத் துரைகள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்த சமயம். இவருடைய துரையும் ஒரு பெட்டி நிறையப் புத்தகங்களை விட்டுவிட்டுப் போனார். மற்றவர்கள் அகராதியையும் கணக்குப் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு போக, இவர் எடுத்து வந்தது வில் செய்வது எப்படி என்ற புத்தகம். ஏதோ குளிர்தேசத்து மனிதர்கள் மரவில்லின் முதுகில் மிருகத்தின் நரம்பை ஒட்டி, ஒடியாத வில் செய்வார்களாம். படம் படமாகப் போட்டிருந்தது.

"எதுக்குங்க இது? புலி வருதா இங்க?" என்று கேட்டேன்.

"காஜா பெராங், ஊரு பேரே மலாயில கோவக்கார யானை. ஒரு நாளைக்கு வந்துச்சுன்னா?" என்றார்.

இப்படித்தான் பேசுவார். ஆனால் காரணம் எனக்குத் தெரியும். பாலம், மதகு, கால்வாய் என்று அவர் வரைந்ததையெல்லாம் வேறு யாரோ கட்டினார்கள். ஒரே ஒரு பொருளை முதலிலிருந்து கடைசிவரை தன் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பது அவருக்கு ஒரு தாகம். அதையும் எனக்காகச் செய்ய வேண்டுமாம். சுவரோரம் என்னை நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி, பென்சிலால் குறி போட்டு, இஞ்ச்டேப்பால் அளந்தார். ரவிக்கைக்கு அளவெடுத்துத்தான் பார்த்திருக்கிறேன், வில்லுக்கு அளவெடுத்த பெண் மலாக்காவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கூச்சம் பிடுங்கித் தின்றது. சந்தோஷமாகவும் இருந்தது.

மரத்துக்கு அலையவில்லை. கடற்கரையில் மீனவர் ஒருவரிடம் உடைந்த துடுப்பு ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். அதைச் செதுக்கி, கண்ணாடிச் சில்லால் சுரண்டி, இரண்டு முனையும் ஒன்றுபோல வளைகிறதா என்று முழங்காலில் வைத்து வைத்துப் பார்ப்பார். வீடெல்லாம் சீவல். கூட்டிக் கூட்டி எனக்கு இடுப்பு விட்டுப்போனது.

நரம்பில்தான் சிக்கல். மான் நரம்பு நல்லது என்று புத்தகம் சொன்னது. மானுக்கு எங்கே போவது? பாசாரில் இறைச்சி வெட்டும் பாய் ஒருவர் இருந்தார். "பாய், நீளமா முதுகு நரம்பு வேணும்" என்று இவர் கேட்க, அவர், "சூப்புக்கா தம்பி?" என்றாராம். "வில்லுக்கு." பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "எந்தச் சாமிக்கு?" என்று கேட்டாராம். சிரித்துச் சிரித்து இதை என்னிடம் சொன்னார். சிரித்து முடித்த பிறகுதான் கையிலிருந்த இலைப்பொட்டலம் மாட்டு நரம்பு என்பதைச் சொன்னார்.

எங்கள் வீட்டுப் படியேறி மாடு வந்ததில்லை. என்னைக்கூட விடுங்கள், அவருடைய அக்கா இருந்தார், எனக்கு அண்ணி, புக்கிட் ரம்பாயில். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். வருஷா வருஷம் விரதமிருந்து தீ மிதிப்பவர். மாட்டுக்கறி புழங்குகிற வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்.

"அக்காவுக்குத் தெரிஞ்சுதுன்னா, என்னைய வாசப்படி மிதிக்க வுடாது. யாரு கேட்டாலும் வாழநாருன்னு சொல்லு புள்ள" என்றார்.

"பொய்யா?"

"காயிற வரைக்கும். வார்னிஷ் அடிச்சப்புறம் யாருக்குத் தெரியப்போவுது?"

குளியலறையின் தகரக் கூரையில் நரம்பைக் காயப்போட்டோம். அக்கம்பக்கத்துக் காக்கையெல்லாம் கூடிவிட்டது. பிறகு வாசல் கல்லில் வைத்துச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டினால், கட்டையாக இருந்தது இழை இழையாகப் பிரியும். வெள்ளை நூல் மாதிரி, பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதைச் சிக்கெடுக்க என் சீப்பை எடுத்தார் பாருங்கள், அன்றைக்குத்தான் எங்களுக்குள் முதல் சண்டை. அரை நாள் பேசவில்லை. அப்புறம் அவருடைய தடித்த விரலில் இழைகள் அறுந்து அறுந்து போவதைப் பார்க்கப் பொறுக்காமல் நானே உட்கார்ந்து சீவிக் கொடுத்தேன். பாவத்தில் பாதிப் பங்கு எனக்கும் உண்டு.

வச்சிரம் காய்ச்சிய அன்று பக்கத்து வீட்டுச் செட்டிக் குடும்பத்து அம்மாள் வேலியோரம் வந்து நின்றார். எங்களைப் போலவே சாமி கும்பிடுகிறவர்கள், விபூதி பூசுகிறவர்கள், ஆனால் தமிழ் வராது, மலாய்தான். மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, "அப்பா மாசாக்?" என்றார். என்ன சமைக்கிறாய் என்று கேட்கிறார். நான், "ஊபாட்" என்றேன். மருந்து. ஐயோ பாவம் என்பதுபோல் என்னைப் பார்த்துவிட்டுப் போனார்.

முதல் வரிசை இழைகளை வச்சிரத்தில் தோய்த்து, வில்லின் முதுகில் நீளவாக்கில் நான்தான் ஒட்டினேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தேன். விரலில் இருந்த எண்ணெய் பசையைப் பிடிக்க விடவில்லை. இரண்டு நாளில் ஓரமெல்லாம் தூக்கிக்கொண்டது. குளிர்தேசத்துப் புத்தகத்தில் தேங்காயெண்ணெய்க்கு எச்சரிக்கை போடவில்லை. அவர் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. வெந்நீரில் துணியை நனைத்து வில்லின்மேல் சுற்றினார். கொஞ்ச நேரம் கழித்துப் பிரித்தார். ஒட்டியதெல்லாம் அப்படியே வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது.

"பாத்தியா? இவ்ளோதான் இதுக்கு உசுரு. நல்லா காஞ்சி வார்னிஷ் ஏறுற வரைக்கும் தண்ணி ஆகாது."

என் கண் முன்னால்தான் செய்தார். என்னிடம்தான் சொன்னார்.

மறுபடி ஒட்டினோம், இந்தத் தடவை இருவரும் சவுக்காரம் போட்டுக் கை கழுவிவிட்டு. மூன்று வரிசை. நடுக்கூடத்து விட்டத்தில் இரண்டு கம்பி கட்டி அதில் கிடத்தினார். மாதக்கணக்கில் காய வேண்டும் என்றது புத்தகம். உப்பு ஜாடியில் உப்பே தண்ணீராகிப் போகிற ஊர் இது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நாற்காலி போட்டு ஏறி, ஸ்கேல் வைத்துப் பார்ப்பார். நரம்பு காயக் காயச் சுருங்குமாம், சுருங்கி வில்லைப் பின்பக்கமாக இழுக்குமாம். நாண் பூட்டாத வில் தானாகவே எதிர்ப்பக்கம் வளைந்துகொண்டு வந்தது. அதைப் பார்த்து அவர் பட்ட பெருமையை என்னால் எழுதிக் காட்ட முடியாது. பிள்ளை குப்புற விழுந்ததைப் பார்க்கிற தகப்பன் மாதிரி இருந்தார்.

அக்கா ஒருமுறை வந்தபோது அண்ணாந்து பார்த்து, "என்னாடா இது மேல?" என்றார். "வில்லு அக்கா. வாழநாரு ஒட்டியிருக்கேன்" என்று இவர் என் பக்கம் கண்ணைச் சிமிட்டினார். நான் அடுப்படிக்கு ஓடிப்போய்ச் சிரித்தேன்.

மெர்டேக்கா வந்தது. தெருவெல்லாம் கொடி. "இன்னிக்கு நாண் கட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டேன். எனக்கும் ஆசை வந்துவிட்டிருந்தது. ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஈரம் இருக்கு. அவசரப்பட்டா தெறிச்சிரும். தீபாவளிக்குக் கட்டுவோம்" என்றார். அன்றைக்கு நான் கொஞ்சம் அடம்பிடித்திருக்கலாம். தெறித்திருந்தாலும் பரவாயில்லை. ஒரே ஒரு அம்பு விட்டிருப்போம்.

தீபாவளிக்கு முன்னால் அவருக்குக் காய்ச்சல் வந்தது. வேலையாக எங்கோ சேற்றுத் தண்ணீரில் நின்றுவிட்டு வந்தார் என்றார்கள். வெறும் காய்ச்சல்தான் என்று நான் ரசம் வைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஐந்தாம் நாள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தார்கள். இதற்குமேல் அதைப் பற்றி எனக்கு எழுத வரவில்லை. அவருக்கு இருபத்தேழு. எனக்கு இருபது.

ஆண்கள் பாடையைத் தூக்கிக்கொண்டு போனதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிட வேண்டும் அல்லவா? தீட்டு. அக்காதான் முன்னால் நின்றார். அழுதுகொண்டேதான் செய்தார். பாய், தலையணை, அவருடைய சட்டை எல்லாம் வெளியே போனது. அண்டாவில் மஞ்சள் போட்டுத் தண்ணீர் காய்ச்சியிருந்தார்கள். என்னைச் சுவரோரம் உட்கார வைத்திருந்தார்கள். அக்கா நாற்காலி போட்டு ஏறி, விட்டத்திலிருந்து வில்லை எடுத்தார். நெஞ்சோடு வைத்துக்கொண்டு இறங்கினார்.

"தம்பி கையால செஞ்சது. தீட்டோட கெடக்கக்கூடாது. சுத்தம் பண்ணிக் குடுக்குறேன், நீ காலத்துக்கும் வச்சுக்க" என்றார். பிறகு அதன் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார். "இது வாழநாருதானம்மா?"

இல்லை என்று சொன்னால் வில் அந்த நிமிஷமே தெருவில் கிடக்கும். அது போனால்கூடப் போகட்டும். சுடுகாட்டுக்கு இன்னும் போய்ச் சேராத மனிதனைப் பற்றி, வீட்டுக்குள் மாட்டு நரம்பை வைத்துப் புழங்கினான் என்று இத்தனை பெண்கள் பேசுவார்கள். வளர்த்த அக்காவே அவர் பெயரைச் சொல்லத் தயங்குவார். அதை என்னால் தாங்க முடியாது. நான் தலையாட்டினேன்.

"அப்ப தண்ணி பட்டா ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு, அதை அண்டாவில் நீள நட்டு வைத்தார். ஒரு முனை ஊறியதும் மறுமுனையைத் திருப்பி வைத்தார். ஆவி பறந்துகொண்டிருந்தது. 'அண்ணி, தண்ணி ஆகாது' என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பார். கேட்டால் வேறு ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். இந்த அறுபது வருஷத்தில் நூறு பொய் யோசித்து வைத்திருக்கிறேன், ஒவ்வொன்றும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு ஒன்றுகூட வாயில் வரவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அக்கா எடுத்தபோது நரம்பெல்லாம் தண்ணீரில் தனித்தனியாக மிதந்தது. கையில் வெறும் துடுப்புக்கட்டை. பின்னால் வளைந்திருந்தது நேராகிப்போயிருந்தது. "நாரு வுட்டுப்போச்சேம்மா" என்று அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார், தன் கையால் கெடுத்துவிட்டதாக நினைத்து. நான் அவருடைய தோளில் சாய்ந்துகொண்டு அதற்கும் பேசாமல் இருந்தேன்.

இழைகளை அவர் ஒன்றுவிடாமல் பொறுக்கிச் சேர்த்து, பிழிந்து, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். மூன்றாம் நாள் அஸ்திக் கலயத்தைக் கடலுக்கு எடுத்துப் போகுமுன், கலயத்தின் வாயைத் திறந்து அவற்றை உள்ளே போட்டார். "அவன் கைபட்டது, அவனோடயே போவட்டும்." விபூதி பூசிய கையால் போட்டார். என் சீப்பில் நான் சீவிய இழைகள் அவை.

அந்தத் துடுப்புக்கட்டை நெடுநாள் துணிக்கொடிக்கு முட்டுக்கொடுத்து நின்றது. நான் ஜாலான் பெண்டஹாராவில் ஒரு துணிக்கடையில் தைக்கப் போனேன். முப்பது வருஷம் தைத்தேன். வீடு மாறியபோது கரையான் தின்ற கட்டையை யாரும் ஏற்றி வரவில்லை. வாடகை வீட்டை இடித்துக் கார்கள் நிறுத்துகிறார்கள். பாய் இல்லை, பாசார் இருந்த இடத்தில் பாசார் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாள் போய்விட்டார். அக்கா ஒவ்வொரு திதிக்கும் வந்து என்னோடு உட்கார்ந்து அழுதுவிட்டுப் போவார். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாம் என்று நினைத்துக் காப்பி கலக்கப் போய்விடுவேன். அவரும் போய்ப் பல வருஷமாகிறது. அவருக்குப் பிள்ளைகளும் இல்லை.

நேற்று சூப்பைக் குடித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து ஒருமுறை சத்தமாகவே சொல்லிப் பார்த்தேன், "மாட்டு நரம்பு அண்ணி" என்று. கோபித்துக்கொள்ள ஒருத்தரும் மிச்சமில்லை.