சாவி கொடுக்காத குரங்கு

மிக்ஸி ஜாருக்கு மூடி தேடித்தான் பரக்கத் அலி பாலக்கரைச் சந்தில் இருந்த அந்தப் பழைய சாமான் கடைக்குள் நுழைந்தார். மூடி கிடைக்கவில்லை. மேல் தட்டில், மேளம் அடிக்கும் தகரக் குரங்கு ஒன்று பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தது. எடுத்துப் புரட்டினார். உறையின் அடியில் ஒட்டியிருந்த காகிதத்தில் பேனா மையில், அவர் கையெழுத்திலேயே, 'தஸ்லிமா' என்று இருந்தது. யா அல்லாஹ்! எழுபத்திரண்டு வயது மனுஷன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆன்டிக் பீஸ்ங்க பாய்," என்றார் கடைக்காரர் வீரமலை. "ஒரு தடவகூட சாவி குடுக்கல, அப்படியே புதுசு. எந்தப் புண்ணியவான் வீட்டுலயோ கண்ணும் கருத்துமா வச்சிருந்திருக்காங்க."

புண்ணியவான் குரங்கை இன்னொரு தடவை புரட்டிப் பார்த்தார்.

சவூதியில், தம்மாமில் இருபத்தாறு வருஷம் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தவர் அவர். எண்பத்தாறாம் வருஷம், ஆறு வயது மகள் தஸ்லிமாவுக்கென்று ஆசை ஆசையாக வாங்கி வந்த குரங்கு இது. வாங்கி வந்தவர் பிள்ளை கையில் கொடுத்தாரா? அதுதான் இல்லை! பீமநகர் வீட்டு ஹாலில் கண்ணாடி ஷோகேஸ். சென்ட் பாட்டில், டீ செட், குரங்கு எல்லாவற்றையும் அதற்குள் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் கொத்தில் மாட்டிக்கொண்டு விமானம் ஏறிவிட்டார். ஷோகேஸ் திருச்சியில், சாவி சவூதியில். அப்படி ஒரு ஜாக்கிரதை!

"தொடக்கூடாது, உடைஞ்சிடும். கையப் பின்னாடி கட்டிக்கிட்டுப் பாரு," என்பது மகளுக்கு அவர் போட்ட சட்டம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். "அத்தா, மேளம் அடிக்க விடுங்கத்தா," என்று அவள் சட்டையைப் பிடித்து இழுப்பாள். "நாளைக்கும்மா," என்பார். விருந்து, நிக்காஹ், ஆஸ்பத்திரி என்று லீவு ஓடிவிடும்.

போன வருஷம் மனைவி கமர் ஜஹான் மவுத்தாகி அடக்கமும் முடிந்த பிறகு, வீட்டைக் காலி செய்துவிட்டுக் காட்டூரில் மகள் வீட்டுக்கே வந்துவிட்டார். அன்றைக்கு இருந்த மனசில், அத்தனை காலம் கட்டிக் காத்த ஷோகேஸைத் திறந்துகூடப் பார்க்காமல் பழைய சாமான் வாங்க வந்தவனிடம் சாவியோடு தூக்கிக் கொடுத்தார். குரங்கின் நினைப்பே வரவில்லை.

இப்போது கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இன்றைக்காவது அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். அது ஒன்றுதான் மனசில் ஓடியது.

தஸ்லிமா அடுப்படியிலிருந்து வந்தாள். பாதி முடி நரைத்துவிட்டது அவளுக்கு. "ஐய, இது எங்கத்தா கெடச்சுது!" என்று சிரித்தாள்.

உறையைக் கிழித்து எறிந்தார். "இந்தாம்மா, நீயே சாவி குடு."

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். ஆனால் வாங்கவில்லை. "நீங்களே குடுங்கத்தா," என்றாள்.

பயந்து பயந்து முறுக்கினார். குரங்கு தலையை ஆட்டிக்கொண்டு டமடமவென்று அடிக்க ஆரம்பித்தது. சந்தோஷம் தாங்காமல் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். ஒரு முழம் தள்ளி, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் கோத்திருந்தன.

குரங்கை அவள் பக்கம் நீட்டினார். "வாங்கிக்கம்மா, உன்னுதுதான். சும்மா கையிலதான் வச்சுப் பாரேன்," என்று கெஞ்சினார்.

"பாத்துட்டேன்த்தா. பத்திரமா எடுத்து வைங்க, உடைஞ்சிடும்," என்றாள் தஸ்லிமா.

அந்தக் கைகளை எப்படி முன்னால் கொண்டுவருவது என்று பரக்கத் அலிக்குத் தெரியவில்லை.