பத்து வந்துவிட்டது

வண்டி நிற்பதற்குள் கனெமாருவின் உதடுகள் அசையத் தொடங்கிவிடும். கையில் பெட்ரோல் குழாய், கண் நம்பர் பலகையில். "மூணு, ஒண்ணு, ஏழு, ரெண்டு. ஏழுல ரெண்டு போனா அஞ்சு, மூணுல ஒண்ணு போனா ரெண்டு. அஞ்சு ரெண்டு பத்து!" நான்கு எண்களையும் கூட்டியோ கழித்தோ பெருக்கியோ வகுத்தோ பத்தாக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ரயில் டிக்கெட்டின் எண்ணை வைத்து ஆடும் ஆட்டம் இது. அறுபது தாண்டியும் விடாதவர் இவர் ஒருவர்தான்.

அவர் வேலை பார்க்கும் பெட்ரோல் பங்க்குக்கு எதிரே என் சலூன். மீன் லாரி ஒன்றின் எண் 1158. அது ஒரு குளிர்காலம் முழுக்க அவருக்குப் பிடிகொடுக்கவில்லை. கடைசியில் குளியல் தொட்டியிலிருந்து எழுந்து ஈரத் தலையோடு பனியில் ஓடி வந்தார். "தம்பி, வந்துடுச்சு! ஒண்ணை அஞ்சால வகுத்து, இன்னொரு ஒண்ணுலேருந்து கழி. வர்றதால எட்டை வகுத்தா பத்து!" பாதி மழித்த முகத்தோடு நாற்காலியில் இருந்தவர், "முத்திப்போச்சுய்யா உனக்கு" என்றார். வராத எண்கள் வருஷக்கணக்கில் அவர் தலையில் கிடக்கும். வந்துவிட்டதோ, அந்த நொடியே மறந்துவிடுவார்.

போன பிப்ரவரியில் அவர் மனைவி நொபுயோ மதியச் சாப்பாட்டோடு சாலையைக் கடந்தபோது வெள்ளை வேன் ஒன்று அடித்துவிட்டு நிற்காமல் போனது. பங்க் கேமராவைப் பனி மூடியிருந்தது. நான் ஓடிப்போனபோது சோற்று உருண்டைகள் சாலையெங்கும் கிடந்தன. பார்த்தவர் கனெமாரு மட்டுமே.

"நம்பர் பாத்தீங்களாய்யா?" என்றார் போலீஸ்காரர்.

"பாத்தேன்."

"என்ன நம்பர்?"

"பத்து வந்துச்சு."

போலீஸ்காரருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அன்று அவர் மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் முழுக்கப் போகவில்லை. "சுலபமா வந்துடுச்சு தம்பி. கொஞ்சம் கஷ்டமா இருந்திருந்தா ஞாபகம் இருந்திருக்கும்" என்று அழுதார்.

நொபுயோ இனி நடக்கமாட்டார். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் பங்க்கின் அலுவலக அறையில், ஹீட்டர் பக்கத்தில், சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். "எல்லாத்தையும் கூட்டிப் பெருக்கினீங்க. என் காலை மட்டும் கழிச்சிட்டீங்க" என்பார்.

வெள்ளை வேன் இங்கே வீட்டுக்கு ஒன்று. அந்தச் சாலையோ எங்கள் ஊரோடு முடிகிறது. அடித்தவர் உள்ளூர்க்காரர்தான்; பெட்ரோலுக்கும் இங்கேதான் வந்தாக வேண்டும். "அந்த நம்பர் மறுபடி கண்ணுல பட்டா தெரிஞ்சிடும் தம்பி" என்கிறார் கனெமாரு. கணக்குப் போடாமல் எண்களை மட்டும் பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறார். மனசு கேட்டால்தானே!

பெட்ரோல் போட்டதும் தொப்பியைக் கழற்றி, வண்டி போகும் திசையில் குனிந்து வணங்குவது எங்கள் பங்க்குகளின் வழக்கம். இப்போதெல்லாம் இவர் சரியாகக் குனிவதில்லை என்று முதலாளி இரண்டு தடவை ஏசிவிட்டார்.

நேற்று ஒரு வெள்ளை வேன் வந்தது. பெட்ரோல் போட்டார், கண்ணாடி துடைத்தார், ஓட்டியவருக்கு நன்றி சொன்னார். வேன் சாலையில் ஏறியது. தொப்பியைக் கழற்றினார். இடுப்பு வளைந்தது, கழுத்து வளையவில்லை. பின் நம்பர் பலகையைப் பார்த்தபடி உதடுகள் ஒவ்வொரு எண்ணாக, மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தன. சட்டென்று வேகமெடுத்தன; 'பத்து' என்று நின்றன. கையிலிருந்த தொப்பியால் தன் நெற்றியில் ஓங்கி அடித்துக்கொண்டார்.