செங்கொடியின் சிவப்பு டேப்

திருவொற்றியூரில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற இடத்துக்கு எதிரே ‘செங்கொடி ஆட்டோ எலக்ட்ரிகல்ஸ்’ என்று ஒரு தகர போர்டு உண்டு. பெயரைப் பெரிதாகவும் தொழிலைப் பொடியாகவும் எழுதித் தொலைத்துவிட்டான் பெயின்டர். விளைவு, மாதத்துக்கு நாலு பேராவது சங்க ஆபீஸ் என்று நினைத்துக்கொண்டு மனுவோடு வந்து நிற்பார்கள். செங்கொடி என்பது தன் பெயர், அப்பா ஆலையில் தொழிற்சங்கக்காரர், அந்த வேகத்தில் வைத்துவிட்டார் என்று அவள் விளக்குவதற்குள் வந்தவர் பாதிக் கதையைச் சொல்லி முடித்திருப்பார். டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்புவாள்.

ஆனாலும் அந்த போர்டு மேல் அவளுக்கு உயிர். பதினாறு வருஷம் இன்னொருத்தன் போர்டுக்குக் கீழே, லாரிக்கடியில் படுத்து வேலை பார்த்தவள். “மேஸ்திரி இல்லியாம்மா?” என்று அவளிடமே கேட்ட டிரைவர்களுக்குக் கணக்கில்லை. நாற்பத்து மூன்று வயதில்தான் தன் பெயரைத் தகரத்தில் பார்த்தாள். தான் போடுகிற ஒவ்வொரு இணைப்பிலும் சிவப்பு டேப் ஒரு சுற்று சுற்றிவிடுவது அவள் வழக்கம். “செவப்பு இருந்தா என் வேல. அது கெடாது” என்பாள். வாய் கொஞ்சம் ஜாஸ்திதான்.

அந்த வாய்தான் அவளை ஜெரின் அண்ணாச்சியின் வேனில் கொண்டுபோய் மாட்டிவிட்டது. ராயபுரத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஜெரின், இருபது வருஷப் பழசான வேன் ஒன்றை வாங்கியிருந்தார். உள்ளே கட்டில், அடுப்பு, ஃபேன், குட்டி ஃப்ரிட்ஜ், தண்ணீர் மோட்டார் என்று ஒரு குடித்தனமே இருந்தது. தெருவே அதை வேன்வூடு என்றது. மனைவி ரெஜினாவை அதில், தெற்குக் கடற்கரையில் இருக்கும் அவள் ஊரான மணப்பாட்டுத் திருவிழாவுக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். ஃபேனும் விளக்கும் மாறி மாறிப் படுத்ததால், பின்பக்க ஒயரிங்கை முழுக்கப் புதிதாகப் போட்டுக் கொடுத்தாள் செங்கொடி. பட்டறையில் எல்லாம் ஜோராக ஓடியது. மாதவரம் போனதும் வண்டிக்குப் பைத்தியம் பிடித்தது. இண்டிகேட்டர் போட்டால் ஃபேன் சுற்றியது. பிரேக் மிதித்தால் தண்ணீர் மோட்டார் உறுமியது. திரும்பி வந்துவிட்டார்கள்.

பட்டறையில் நிறுத்திப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ரெஜினா வேனில் ஏற்றியிருந்த ரைஸ் குக்கர் மேல் பழியைப் போட்டாள் செங்கொடி. இரண்டாவது தடவையும் மாதவரத்தில் அதே கூத்து. இப்போது பழி எலி மேலும், வேனுக்குக் கூடு கட்டியவன் மேலும் போனது.

“கோளாறு பாடில கீது அண்ணாச்சி” என்றாள் போனில்.

“நான் பாடி பக்கமே போகலியேம்மா. மாதவரம் வழியால்லா போனேன்” என்றார் அவர்.

ரெஜினா நேரிலேயே வந்துவிட்டாள். “ஊர்ல அக்கா தங்கச்சி எல்லாத்துக்கும் சொல்லியாச்சு. வேன்ல வாரேன்னு. இனி பஸ்ல போய் எறங்குனா என் மூஞ்சிய எங்க கொண்டு வைக்க?”

செங்கொடிக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. வேனை இன்னொரு தடவை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, பட்டறைக்குப் பக்கத்திலிருக்கும் தௌசீஃபின் டீக்கடையில் நாலு பேர் கேட்கச் சொன்னாள்: “இந்த தபா மாதவரம் தாண்டலன்னா நான் போர்ட கயட்டிடறேன்க்கா.” தௌசீஃப் காதில் விழுந்த சேதி எண்ணூர் வரைக்கும் போக எவ்வளவு நேரமாகும்? எல்லா லாரிக்காரனுக்கும் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கு வேன்வூடு திரும்பி வந்தது. மாதவரம் சிக்னலில் அண்ணாச்சி பிரேக் போட, மோட்டார் ஓடி, குழாய் திறந்திருந்ததால் ரெஜினாவின் புடவை பாதி நனைந்திருந்தது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் அவளைப் பார்க்கவில்லை, போர்டைப் பார்த்தார்கள்.

செங்கொடி வேனுக்கடியில் நுழைந்தாள். இந்தத் தடவை ஒவ்வொரு ஒயராகக் கையால் இழுத்துப் பார்த்தாள். பின்பக்கத்து ஃபேன், மோட்டார், இண்டிகேட்டர், பிரேக் விளக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து எர்த் கொடுத்திருந்த போல்ட், இழுத்ததும் ஆடியது. அதன் கழுத்தில் சிவப்பு டேப்.

லாரி என்றால் உடம்பு பூராவும் இரும்பு, எங்கே முறுக்கினாலும் எர்த் கிடைக்கும். கை அந்தப் பழக்கத்திலேயே போய், இந்த வேனின் ஃபைபர் கூட்டில் போல்ட்டை முறுக்கியிருக்கிறது. நுனி மட்டும் கீழே இருந்த இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. வண்டி நின்றால் தொடும், மாதவரத்துப் பள்ளத்தில் குலுங்கினால் விட்டுவிடும். அப்புறம் கரன்ட் திரும்பிப்போக வழியில்லாமல் கண்ட ஒயரிலும் நுழைந்துவிடும்.

டேப்பைக் கிழித்துப் பையில் போட ஒரு நொடி போதும். பழி போட எலியும் கைவசம் இருந்தது. அவள் படுத்த இடத்திலிருந்து ரெஜினாவின் கால் தெரிந்தது. திருவிழாவுக்கென்று வாங்கிய புதுச் செருப்பு, அதன்மேல் சொட்டுகிற புடவைத் தலைப்பு. சே, என்ன பொம்பளை நான் என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது அவளுக்கு.

வெளியே வந்தாள். “தப்பு என்னுதுக்கா. குக்கரும் இல்ல, எலியும் இல்ல. எர்த்த பிளாஸ்டிக்குல குட்த்துகீறேன்.” டீக்கடைக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள்.

தடித்த ஒயர் ஒன்றை இழுத்து, அடிச்சட்டத்தின் துருவைச் சுரண்டி, இரும்போடு முறுக்கினாள். அரைமணி வேலை. பிறகு ஏணியைப் போட்டு போர்டைக் கழற்றினாள்.

“அத எங்க கொண்டு போற?” என்றாள் ரெஜினா. “வண்டில ஏத்து. நீயும் ஏறு. மாதவரம் தாண்டுனா போர்டோட எறங்கிக்கோ. தாண்டலன்னா அத மணப்பாட்டுக் கடல்ல போட்டுருதேன்.”

“தாண்டலன்னா மணப்பாடு எப்டிக்கா போவ?”

“பேசாம ஏறுட்டி.”

ஒவ்வொரு பள்ளத்திலும் செங்கொடி மடியிலிருந்த போர்டை இறுக்கிப் பிடித்தாள். அண்ணாச்சி பிரேக் போட்டார், மோட்டார் வாயைத் திறக்கவில்லை. இண்டிகேட்டர் தன் வேலையை மட்டும் பார்த்தது. மாதவரம் பஸ் நிலையம் பின்னால் போனதும் ரெஜினா ஃப்ரிட்ஜைத் திறந்து ஜில்லென்று ஒரு பன்னீர் சோடாவை எடுத்து அவள் கையில் வைத்தாள். செங்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது.

அவளை இறக்கிவிட்டு வேன்வூடு தெற்கே போனது. பஸ் ஸ்டாப்பில் போர்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றவளைப் போகிற வருகிறவர்கள் எல்லாம் மரியாதையாகப் பார்த்தார்கள். பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் அந்தப் பெரிய எழுத்தை வாசித்துவிட்டு, “இன்னாமா, போராட்டமா?” என்றார்.

“ஆமா.”

“ஜெயிச்சுதா?”

“ஜெயிச்சுது.”

“யார எதிர்த்து?”

“என்னியத்தான்” என்றாள் செங்கொடி. “திருவொற்றியூர் ஒண்ணு குடு.”