புல்தரையில் பிள்ளையாருக்கு விட்ட மூலை

போன சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்கு ஒரு லொறியில் பாய் பாயாகச் சுருட்டிய புல் வந்து இறங்கியது. மத்தியானத்துக்குள் விரித்தும் முடித்துவிட்டார்கள். புதிதாக வந்த குடும்பம், நல்ல பிள்ளைகள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பழைய மண்ணை வாரி எடுத்தபோது ஈரக் களிமண் வாசம் ஒன்று எழும்பியது பாருங்கள், அதோடு எனக்கு முன்பு அந்த வீட்டில் இருந்த ஆர்னெயின் ஞாபகம் வந்துவிட்டது. தேத்தண்ணி ஆறும்வரை ஜன்னலடியிலேயே நின்றேன்.

ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் இந்த வரிசை வீட்டை வாங்கி வந்தபோது பின்பக்கம் முழுக்க நீலம் பாரித்த களி. மழைக்குச் சப்பாத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெயிலுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். பக்கத்து வீட்டு ஆர்னெ ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்றவர், தனியாள். அதே களியில் அவருடைய புல் கால் புதைய நின்றது. எனக்கு ரோஷம். என் தகப்பன் ஊரில், பரந்தனில் வயல் செய்தவர், எனக்கா புல் வளர்க்கத் தெரியாது? தண்ணீர் விட்டு, மிதித்துச் சேறாக்கி, பலகையால் மட்டம் அடித்து, நெல் விதைப்பது போல விதையை வீசினேன். அது சீமெந்துத் தரையாக இறுகிப்போனது. என் மனைவி யோகம் அதன்மேல் ஏறி நின்று, "நல்லதாப் போச்சு, மிளகாய் காயப்போடலாம்" என்றாள்.

ஆர்னெ வேலிக்கு மேலால் பார்த்துக் கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு நாலு பல்லு வைத்த மண்முள்ளோடு வந்தார். "களிக்கு மூச்சுவிட வழி வேணும்" என்றார். அவர் பேசியது நொஸ்க், இந்த நாட்டுப் பாஷை. எனக்கு விளங்கியதை எங்கள் பேச்சில் சொல்கிறேன். முள்ளால் குத்தித் துளை போட்டு, அதற்குள் மணலைக் கூட்டித் தள்ளி, சுண்ணாம்பு தூவி, ஓகஸ்ட் கடைசியில் மண்ணின் சூடு ஆறுமுன் விதைக்க வேண்டுமாம். ஈரத்தில் மிதிக்கக் கூடாது, ஒட்ட வெட்டக் கூடாது. வருடா வருடம் குத்தி வருடா வருடம் மணல் போட்டோம். கடவுளே என்று புல் வந்தது.

அதோடு க்வேக்கெயும் வந்தது. களிக்குள்ளால் வெள்ளை வேர் ஓட்டி, நினையாத இடத்தில் தலைகாட்டுகிற களை. ஆர்னெக்கு ஜென்ம எதிரி. முழங்காலில் நின்று வேரோடு இழுத்து, "சாத்தான்!" என்று அதைத் திட்டுவார்.

அந்த நாட்களில்தான் ஊரில் சண்டை முடிந்தது. யோகத்தின் தம்பி குகன் வன்னிக்குள் நின்றவன். பிறகு ஒரு சேதியும் இல்லை. அவன் இருக்கிறான் என்று ஒரு சொல் வரும்வரைக்கும் வெள்ளிக்கிழமை தோறும் பிள்ளையாருக்கு அறுகம்புல் மாலை என்று யோகம் நேர்த்தி வைத்தாள். ஒஸ்லோவில் அறுகுக்கு எங்கே போவது? ஒருநாள் எங்கள் பக்க வேலி மூலையில் நின்ற க்வேக்கெயை ஆய்ந்துகொண்டு நிற்கிறாள்.

"இஞ்சை பாருங்கோ, அறுகு மாதிரியே கிடக்கு."

கோயில் ஐயரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை உயர்த்திவிட்டு, "அறுகு இல்லைத்தான். குளிர் நாட்டிலை பிள்ளையாரும் கொஞ்சம் சமாளிப்பார், வையுங்கோ" என்றார். பனிக்காலத்துக்கென்று யோகம் அதை ஃப்ரீசரில் கட்டி வைத்தாள். அதையும் அவர் சமாளித்தார்.

ஆனால் அந்த மூலையை வளரவிட்டால் ஆர்னெயின் புல் நாசம். கையைப் பிசைந்துகொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "தம்பியின்ரை பேர் என்ன?" என்றார். சொன்னேன். அடுத்த நாள் பழைய கூரைத் தகரங்களைக் கொண்டுவந்து, மூலையைச் சுற்றிக் களிக்குள் நெட்டாக இறக்கினார், வேர் தாண்டாமல். "உள்ளுக்கை சாமிக்கு, வெளியாலை எனக்கு."

வெளியே பிடுங்கியதையும் அவர் பிறகு எறியவில்லை. வேரை வெட்டி, கழுவி, பாண் பையில் போட்டு வியாழன் பின்னேரம் வாசலுக்குக் கொண்டுவருவார். அவர் எந்தக் கோயிலுக்கும் போகாத மனிதர், தங்கள் கோயிலுக்கும்தான். "எங்கடை மூலையிலை உள்ளதே காணும், ஏன் கஷ்டப்படுறியள்?" என்று யோகம் தடுப்பாள். "காணாது. அவர் பெரிய வயித்துக்காரர்" என்பார். பையைக் கொடுத்துவிட்டு, குகன் என்று வாயில் வராமல், "கூகனிட்டையிருந்து ஏதும்?" என்று கேட்பார். "இல்லை" என்பாள். "சரி, அடுத்த கிழமை பாப்பம்." பனிக்காலத்தில் புல் இல்லாவிட்டாலும் வந்து கேட்டுவிட்டுப் போவார்.

முழங்கால் விட்டுப்போனதும் மகள் அவரை வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரத்துக்குத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனாள். வியாழனில் தொலைபேசி வரும். முதலில் தம்பி, பிறகுதான் புல். அதுவும் நின்றது. அவர் போய்விட்டார் என்று மகள் எடுத்துச் சொன்னபோது, ஆண்டவன் நல்ல இடம் கொடுக்கவேண்டும் என்று யோகம் விளக்கேற்றினாள்.

மாலை இன்னும் கட்டுகிறாள். எங்கள் சனம் நல்ல சனம்தான். அவளுக்கு நோகும் என்று குகனின் கதையை ஒருவரும் எடுப்பதில்லை. பிள்ளைகளும் எடுப்பதில்லை. நானும் எடுப்பதில்லை. போன வியாழன் கதவைத் திறந்து வெளியே பார்த்துவிட்டு மூடினாள்.

"ஆரும் வந்தவையே?" என்றேன்.

"ஆர் வரப்போகினம்?" என்றாள். மாலைக்கு நூலை எடுத்துக்கொண்டு, "அந்த மனுசன் இருக்கேக்கை, இல்லை எண்டு சொல்லவெண்டாலும் ஒரு ஆள் இருந்தது" என்றாள்.